இடது கையுறை

குவோபியோவில் ஜூன் முதல் சனிக்கிழமை.
பள்ளி ஒன்பது மணிக்குத் தொடங்கி
பத்தரைக்கு முடிந்துவிட்டது, ஒரு வருஷம்.

ஓக்கோ மதிப்பெண் தாளை என்னிடம் நீட்டவில்லை.
காரின் முன்கண்ணாடி ஓரத்தில் செருகி வைத்தான்.
கணக்கில் ஆறு.
யார்கோ பார்த்தார், சாவியைத் திருகினார்,
"முதலில் ஐஸ்கிரீமா, விரிப்புகளா?" என்றார்.

ஏரிக்கரையில் எங்களுக்கு முன்பே மூன்று குடும்பம்.
குளிர்காலம் முழுக்க மிதித்த விரிப்புகளில்
பைன் சோப்பு ஊற்றித் தேய்க்கிறோம்.
பீட்ரூட் சூப், நாய், கிறிஸ்துமஸ் மெழுகு
எல்லாம் ஒரே பழுப்பு நுரை.
நுரை ஏரிக்குள் போகக்கூடாது என்கிறது பலகை.

பிஹ்லா முழங்கால்வரை நனைந்தாள்,
பிறகு இடுப்புவரை,
பிறகு தண்ணீர் பதினோரு டிகிரி என்பதை
அக்கரைக்கும் கேட்கும்படி அறிவித்தாள்.

பள்ளிப்பையையும் கழுவ வேண்டுமாம்.
ஓக்கோ தலைகீழாகக் கவிழ்த்தான்.
பிப்ரவரி விழுந்தது:
காய்ந்த ஆரஞ்சுத் தோல்,
நான் கையெழுத்துப் போடாத ஒரு கடிதம்,
சிவப்புக் கையுறை, இடது.

அதற்காக எவ்வளவு திட்டியிருக்கிறேன்.
"கழுத்தில் ஒட்டியிருக்காவிட்டால்
தலையையும் தொலைத்திருப்பாய்."
எனக்கு நினைவிருக்கிறது.
அவனுக்கு?
வலதை ஏப்ரலில் நானே குப்பையில் போட்டேன்.

அவன் இடதை மாட்டிக்கொண்டு
விரிப்பின் மேல் மண்டியிட்டான்.
பிரஷ்ஷைவிட நன்றாக நுரைக்கிறதாம்.

இரவு பத்தரை, இன்னும் வெயில்.
தோட்டக் கம்பியில் ஏழு விரிப்பு சொட்டுகிறது,
நடுவில் கிளிப் மாட்டிய ஐந்து விரல்.
தூங்கப் போங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.
எதற்கு,
திங்கள் இனி ஆகஸ்டில்தான் வரும்.