இயல்பு

மணி இரண்டு பத்து.
எங்கள் யூனிட்டின் சாம்பல் பிடிக்கும் பெட்டியில்
ஒரு வரிசை செத்துக் கிடந்தது.
சுமையைக் குறைக்கக் கேட்டேன்,
சென்னை சம்மதிக்கவில்லை.
அதிர்வெண் ஐம்பதுக்குக் கீழே தள்ளாடியது.
மாநிலமே விசிறிக்கடியில் புரண்டு படுத்தது.

பதிவேட்டில் எழுதினேன்: "இயல்பு."

ஒடிசாவிலிருந்து ரயிலேறி வரும் கரி
பாதி மண்ணோடுதான் மேட்டூரில் இறங்கும்.
மாவாக அரைத்து ஊதினால்
கொதிகலனுக்குள் ஓரிரு நொடி வெயில்.
தண்ணீர் ஆவியாகி, டர்பைனை உதைத்து,
காவிரியின் குளிர்ச்சி பட்டு
மறுபடி தண்ணீராகி உள்ளே திரும்பும்.
சாம்பல் திரும்புவதில்லை.

காலை, தொட்டில்பட்டி.
சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடுவதற்குள்
பின்வீட்டுக் குருவம்மாள்
கொடியிலிருந்து மகனின் பள்ளிச் சட்டையை உருவி
என் முன்னால் ஓர் உதறு உதறுகிறாள்.
"ஏனுங் சார், ராத்திரி ரெண்டு மணிக்கு மேலதானுங்களே?
பன்னெண்டுக்கு எடுத்த பாவாடை
பளிச்சுனு இருக்குது."

கட்டுப்பாட்டு அறையின் எந்த முள்ளும்
இத்தனை துல்லியமாய் நின்றதில்லை.
காலர் மடிப்பில் ஒரு கோடு.
பையோரம் ஒரு கோடு.
பொத்தான் துளைகளில்கூட.

கோபுரத்து வெள்ளை வெறும் நீராவிதான்,
புகைபோக்கி எவ்வளவு உயரம் தெரியுமா
என்று தொடங்கப் போனேன்.
பையன் வெற்றுடம்போடு
இட்லியைப் பிட்டபடி
என் வாயையே பார்த்தான்.
அவன் பள்ளி ஒன்பதுக்கு.

குருவம்மாள் காத்திருக்கவில்லை.
சட்டையை வாளிக்குள் அமுக்கி
மோட்டார் சுவிட்சைத் தட்டினாள்.
தண்ணீர் உடனே வந்தது,
நான் ராத்திரி முழுக்க
நிறுத்தாமல் அனுப்பிய கரண்டில்.