பதினோராவது கோட்டை

செம்பில் எல்லாவற்றையும் திருப்பித்தான் வெட்ட வேண்டும்.
முப்பது வருடப் பழக்கம்.
என் பெயரே எனக்குக் கடைசி எழுத்திலிருந்துதான்
நினைவுக்கு வரும்: டார்க்வில் இம்ரி,
வரைபடம் செதுக்குபவன், எடின்பரோ,
இறைச்சிக்கடைச் சந்து, மூன்றாம் மாடி.

ராட்டர்டாமிலிருந்து வந்தது அந்த வரைவு.
யோஸ்ட் வான் ஹெமர்ட், பள்ளி ஆசிரியர்.
பாதி எரிந்த மடத்துத் தோலேடு ஒன்றைப் பார்த்துத்
தானே பிரதியெடுத்ததாகக் கடிதம்.
மூலத்தை அனுப்ப இயலாது, பூஞ்சை, மன்னிக்கவும்.
ரோமானியர்கள் ஆண்டு, உலகம் மறந்த மாகாணம்
வெலூரியா.
மழையும் ஆடும் தவிர ஒன்றுமில்லை என்று
நாங்கள் நினைத்திருந்த வடக்கு மலைகளில்
பத்துக் கோட்டைகள், ஒரு நெடுஞ்சாலை,
வெந்நீர்க் குளியலறையோடு ஓர் ஆளுநர்.

யாருக்குக் கசக்கும்?
சர் ஹெக்டர் ஆர்பத்நாட் முன்பணம் தந்தார்.
"நம் மலைக்கும் லத்தீனில் ஒரு பெயர்" என்று
மூக்குப்பொடியை இரண்டுமுறை உறிஞ்சினார்.

நவம்பர். நான்கு மணிக்கே விளக்கு.
உளி வழுக்கியது.
ஒரு கீறல், பார்லி மணி நீளம்,
எதுவுமே இல்லாத ஒரு பள்ளத்தாக்கில்.
அழிப்பதென்றால் சுரண்டி, பின்பக்கம் சுத்தியால் தட்டி,
மெருகு போட வேண்டும்; அரை நாள் கூலி போகும்.
இன்னும் மூன்று கோடு சேர்த்தேன். கோட்டை.
பெயருக்கு, வாசலில் கத்திக்கொண்டிருந்த
பூனை கிரிசலைக் கூப்பிட்டு
லத்தீன் வால் ஒன்று ஒட்டினேன்:
கிரிசெல்லும்.
செல்லுமா, தெரியாது.

மாதிரி அச்சு ராட்டர்டாம் போயிற்று.
திட்டு வரும் என்று இருந்தேன்.
வந்தது இது:
"கிரிசெல்லும் என் பிரதியில் விட்டுப்போயிருந்தது.
தோலேட்டில் மறுபடி பார்த்தேன், இருக்கிறது,
ஏழாம் பக்கம், ஓரத்தில்.
தங்கள் கூர்மைக்கு நன்றி."

எழுந்துபோய்க் கதவைத் தாளிட்டேன்.
வெளியே யாருமில்லை.
நெடுஞ்சாலை இல்லை, ஆளுநர் இல்லை,
அவர் குளிக்க வெந்நீர் இல்லை.
கொஞ்ச நேரம் நின்றுவிட்டு
உட்கார்ந்து
மிச்ச மலைகளுக்கு நிழல் போட்டேன்.

நான்கு கோடை கழித்துப் பாக்கி கேட்டு வடக்கே போனேன்.
பிரபு வீட்டில் இல்லை, தோண்டுகிறார் என்றார்கள்.
எங்கே?
கிரிசெல்லுத்தில்.

சதுரமாக ஒரு கல்சுவர், இடுப்புயரம்.
ஆட்டுப்பட்டி.
மார்சலி நிக்ரேயும் அவள் புருஷனும்
கல்யாணமான வருடம் அடுக்கியது என்று
குதிரைக்காரன் மெதுவாகச் சொன்னான்.
ரோமானியச் சுவருக்குள் ஆடு அடைக்கக் கூடாதாம்.
மே மாதம் ஏழு குடும்பங்களைக் கப்பலேற்றினார்கள்.
விதவை மார்சலி
பட்டிக் கதவின் இரும்புக் கீலை மட்டும்
கழற்றி மடியில் கட்டிக்கொண்டு போனாளாம்.
கல்லில் அதன் இரண்டு துளைகள்.
கொடிமரம் நட்ட இடம் என்று
பிரபு குறித்துக்கொண்டார்.
வீடுகள் இருந்த பக்கம் குனிந்து
கறுப்பாக ஒரு பிடி அள்ளினார்,
கூரை உத்திரங்களின் கரி.
"படையெடுப்பின் சாம்பல், இம்ரி.
ஆயிரத்தைந்நூறு வருடம். தொட்டுப் பாருங்கள்."

தொட்டேன். ஒட்டியது.
சொல்லியிருக்கலாம்.
வாய்வரை வந்தது திரும்பி வெட்டிய எழுத்தாக இருந்தது,
அச்சில் ஏறினால்தான் படிக்க முடியும் என்பதுபோல.
"அருமை" என்றேன்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும்.
அன்றிரவே ரசீது எழுதினேன்:
எழுத்து வெட்டியதற்கு, கடலலைக்கு,
ஓரத்தில் கழுகுச் சித்திரத்துக்கு,
கோட்டை ஒன்றுக்கு நான்கு பென்ஸ் வீதம்
பத்து என்று எழுதி, நிறுத்தி,
அடித்துவிட்டு
பதினொன்று என்று திருத்தினேன்.

பிரபு வரைபடத்தை விரித்து
விரல் வைத்து எண்ணிப் பார்த்துத்தான்
காசைக் கொடுத்தார்.