பாடம் பதினொன்று

புத்தகம் ஏதோ பனிநாட்டில் அச்சானது.
முதற்பக்கத்திலேயே கட்டளை:
வாசிக்குமுன் கருவியை உள்ளங்கையில் பொத்திச் சூடேற்று.
நான் உவர்மலையில் இருக்கிறேன், ஐயா.
ஆடி மாதம், கச்சான் அடிக்கிறது,
மேசையில் வைத்த மவுத் ஓகன்
தோசைக்கல்லாய்க் கொதிக்கிறது.
ஈரத்துணியில் சுற்றி, ஆறவிட்டு ஊதுகிறேன்.

குரோமாட்டிக் என்று பெட்டியில் எழுதியிருக்கிறது.
பன்னிரண்டு துளை. வலப்பக்கம் ஒரு பொத்தான்.
அமுக்கினால் எல்லாம் அரைப்படி ஏறும்.
மேல்நோக்கிய அம்பென்றால் மூச்சை விடு,
கீழ்நோக்கினால் எடு,
எண்ணைச் சுற்றி வட்டமென்றால் பொத்தான்.
முப்பத்தோராம் பக்கம் இல்லை.
விற்ற சீனக்குடாப் பொடியன்
அதற்கென்று இருநூறு ரூபாய் குறைத்தான்.

பகலில் எனக்குப் பல் கட்டுகிற வேலை.
மத்திய வீதியில் ஒரு மாடியறை,
சுவரோரம் வெள்ளைச் சாந்தில் வார்த்த தாடைகள்.
வாயைப் பற்றி நான் அறியாதது இல்லையென்று
இருந்தேன்.
நாலாம் படம் சொல்கிறது:
நாக்கால் மூன்று துளையை அடை,
வலக்கடைவாயால் அடுத்ததை ஊது.
நாக்கு கேட்கவில்லை. நாற்பத்திரண்டு வருசம்
சோற்றுக்கும் பொய்க்கும் மட்டும் பழகிய நாக்கு.

மதிய இடைவேளையில் தாடைகளுக்கு வாசிப்பேன்.
இருபத்துமூன்று பேர், எல்லோரும் வாய் பிளந்தபடி.
ஒருவர்கூடச் சிரித்ததில்லை.
ஒருநாள் மட்டும் ஒரு கீழ்த்தாடை
மேசையிலிருந்து தானாகக் குதித்து உடைந்தது.
ஆட்டிய காற்றாடியைக் குற்றஞ்சாட்டினேன்.

இழுக்கும்போதும் சத்தம் வருகிறது.
மூன்று கிழமையாய் இதை நம்ப முடியவில்லை.
பேசுவது, ஏசுவது, இருமுவது, தெருவில் போகிறவனைக் கூப்பிடுவது
எல்லாமே வெளியேறும் காற்றில்தான் நடக்கிறது.
உள்ளே வருகிற காற்றிடம்
இதுவரை நான் ஒன்றும் கேட்டதில்லை.
விம்மலைத் தவிர.
சரி, விம்மலைத் தவிர.

பாடம் பதினொன்று.
ஆறில் ஊது. ஐந்தில் பொத்தானோடு இழு.
ஆறில் ஊது. ஐந்தில் பொத்தானோடு இழு. ஆறு
மூச்சு முந்தும், சுட்டுவிரல் பிந்தும்,
இடையில் பூனையை மிதித்த சத்தம்.
ஒன்பது இரவுகள்.
பத்தாம் நாள், வெள்ளி, பின்னேரம் ஐந்தரை,
ஜன்னலைத் திறந்துவிட்டு அடித்தேன்.
வந்தது.
எங்கோ கேட்ட மெட்டுப் போலவும் இருந்தது.

எதிர்வீட்டு ஜெசிந்தா பையோடு படலைக்கு வந்தா.
பிறகு மின்சார சபை நாகேந்திரம்,
சாரத்தைத் தூக்கிக் கட்டியபடி, கையில் நூறு ரூபாய்.
பிறகு கோட்டைப் பக்கமிருந்து அலையும் மான் ஒன்று.
அதுவும் அதற்காகத்தான் வந்தது.
"பாண் எங்க?"

பெரிய மேதை ஒருவர் இயற்றியது என்கிறது புத்தகம்.
எங்கள் ஒழுங்கையில் அது பாண் ஓட்டோ.

"மன்னியுங்கோ," என்றேன். ஜெசிந்தா அசையவில்லை.
"நீரே? இன்னொருக்கா அடியும், பாப்பம்."
அடித்தேன். பூனை திரும்பி வந்தது.
நாகேந்திரம் மானைப் பார்த்தார்.
மான் ஜெசிந்தாவின் பையை மணந்து பார்த்தது.

அப்போதுதான் வளைவில் ஹனீஸின் ஓட்டோ,
அதே மெட்டோடு,
பட்டரி இறங்கி அரைப்படி தாழ்ந்து.
எனக்குக் காதில் முதன்முதலாய் அந்த அரைப்படி கேட்டது,
கல் கடித்த பல்லைப் போலத் துல்லியமாக.
என் பொத்தானோ ஏற்றுவதற்கு மட்டும்.
இறக்குவது எப்படியென்று
முப்பத்தோராம் பக்கத்தில் இருந்திருக்கக்கூடும்.

ஆளுக்கொரு இறாத்தல் வாங்கிப் போனார்கள்.
நான் ஒரு கிம்புலா பணிஸ் வாங்கினேன்.
வாசிக்குமுன் வாயைக் கொப்பளி என்பது இரண்டாம் விதி.
கொப்பளிக்கவில்லை. அவசரமாக இருந்தது.

இப்போது ஐந்தாம் துளையில் ஒரு சீனிக்கல்.
இழுத்தால் மட்டும் கிர்ரென்கிறது.