கயிறு யாருக்கு வீசினோம்

இருநூற்றுப் பதினான்கு கோப்புகள்.
வாழைப்பழப் பெட்டிகளில் அடுக்கி
கிடங்கிலிருந்து தூக்கி வந்தான் எவெர்.
சிலவற்றில் இன்னும் ப்ளீச் வாடை.
பூனோவில் அக்டோபர் வெயில் தோலை உரிக்கும்,
ஓரடி தள்ளி நிழலில் விரல் விறைக்கும்.
நடுவில் உட்கார்ந்து பெயர்த்து எழுதுகிறேன்:
வயது, எடை, காய்ச்சலின் எத்தனையாம் நாள்,
ரத்தத்தில் ஆக்சிஜன்.

தகராறு அங்கேயே.
படிவம் கடலோரத்தில் தயாரானது.
தொண்ணூற்று நான்குக்குக் கீழே போனால் கடுமை என்கிறது.
இங்கே, மூவாயிரத்து எண்ணூறு மீட்டர் உயரத்தில்,
எவெரின் விரலில் மாட்டிப் பார்த்தேன்:
எண்பத்தெட்டு.
சீட்டியடித்தபடி படியிறங்கிப் போனான்
படிவத்தின்படி கடும் நோயாளி.

லிமாவில் புள்ளியியல் பார்க்கும் கிரிசல்தா கேட்டாள்:
"அப்படியானால் உங்கள் ஊரில்
மூச்சுத்திணறல் எந்த எண்ணில் தொடங்குகிறது?"
அதைக் கண்டுபிடிக்கத்தானே அம்மா கிளம்பினோம்.

கடுமைக்கு ஓர் ஏணி உண்டு.
நான்காம் படி, முகமூடியில் ஆக்சிஜன்.
ஐந்து, அது போதாமல் பீறிட்டு வருவது.
ஆறு, தொண்டையில் குழாய்.
ஏழு, குழாயோடு சிறுநீரகத்துக்கும் ஓர் இயந்திரம்.
எட்டு
எங்கள் கை எட்டாதவர்களுக்கு.

மூன்றாம் வாரம் முதல் கணக்கு வந்தது.
ஸ்டீராய்டு பெற்றவர்களில் இறந்தவர்கள் அதிகம்.
பெறாதவர்களில் குறைவு.
இரண்டே வரி.
அன்றிரவு அடுப்புப் பற்றவைக்கவில்லை.
என் கையால் எழுதிய மருந்துச் சீட்டுகளை
ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன்,
நினைவு வந்தவரை.

காலையில் கிரிசல்தாவே கூப்பிட்டாள்.
பின்னணியில் அவள் குழந்தை கரண்டியால் எதையோ
தட்டிக்கொண்டே இருந்தது.
"டாக்டர், ஏரியில் கயிறு யாருக்கு வீசுவீர்கள்?
கரையில் நிற்பவனுக்கா?"

ஜூலையில் புட்டிகள் எண்ணி எண்ணித்தான் வந்தன.
நீந்திக்கொண்டிருந்தவர்களை விட்டுவிட்டு
தலை முங்கியவர்களுக்குப் போட்டோம்.
கயிறு தொட்டவர்களில் மூழ்கியவர் அதிகம் என்கிறது கணக்கு.
கணக்கு பொய் சொல்லவில்லை,
பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டது.
மீதியைப் பேசவைக்க வேண்டுமென்றால்
ஊசி போட்ட கணத்தில் ஒவ்வொருவரும்
எந்தப் படியில் நின்றார் என்று தேட வேண்டும்.
மறுபடி பெட்டிகள்.

கோப்பு நூற்றுப் பதினேழு.
சத்துர்னினோ லாகி, ஐம்பத்தாறு,
ஏரியில் கோரை அறுத்துப் படகில் ஏற்றுபவர்.
ஊசி போட்ட நேரம் இரவு இரண்டு நாற்பது.
கையெழுத்து என்னுடையது.
ஆக்சிஜன் கட்டம் காலி.

எனக்குத் தெரியும் அந்த எண்.
அறுபத்தொன்பது.
விரலைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி மாட்டினாலும்
அறுபத்தொன்பது.
குப்புறப் படுத்தபடி ஐமாராவில் ஏதோ கேட்டார்.
"படகைக் கட்டினார்களா என்கிறார்" என்றாள் நர்ஸ் பிலோமேனா.
கட்டியாயிற்று என்று சொல்லச் சொன்னேன்.
எனக்கெப்படித் தெரியும்.

பேனா கட்டத்தின் மேல் நின்றது.
அவர் பிழைத்தவர். முப்பத்தோராம் நாள் வீடு போனவர்.
அறுபத்தொன்பதிலிருந்து மீண்டார் என்று எழுதினால்
மருந்துக்கு ஒரு சாட்சி கூடும், எனக்குத் தூக்கமும்.
நினைவிலிருந்து எண் எழுதுவதில்லை என்பது
நானே ஒப்பமிட்ட விதி.
மூன்று மாதத்துக்கு முந்தைய இரவை
எனக்கு வேண்டிய பக்கமாகவே
காட்டிக்கொண்டிருக்கிறது கண்.

'தகவல் இல்லை' என்று எழுதினேன்.

நவம்பரில் மறுபரிசோதனைக்கு வந்தார் லாகி.
இளைத்திருந்தார், சட்டை புதிது.
முதல் பேச்சே புகார்தான்:
அந்தப் படகை யாரும் கட்டவில்லை,
காற்றில் போய் மறுகரைப் புல்லில் சிக்கிக் கிடந்ததாம்,
துடுப்பு ஒன்று இன்னும் கிடைக்கவில்லையாம்.
பிலோமேனா மொழிபெயர்க்கும்போதே சிரித்துவிட்டாள்.
நான் அவர் விரலை வாங்கிக் கருவியில் வைத்தேன்.
எண் தள்ளாடி நிலைக்கும்வரை மூவரும் பார்த்திருந்தோம்.
எண்பத்தாறு.
எழுதினேன். பக்கத்தில் நேரமும்.