நிகர எடை

பர்கூர் சாலையில் எடைமேடை வைத்திருக்கிறேன்.
கருங்கல் லாரிகள் வரும்.
பாரத்தோடு ஒருமுறை, இறக்கிவிட்டு ஒருமுறை.
மொத்தம், காலி, நிகரம்.
இருபத்தோரு வருடமாக
இந்த மூன்று சொற்களில்தான் என் சோறு.

கிழவன் வந்தது ஓர் ஆடி மாதம், ஆம்னி வேனில்.
ஓசூரில் நாய்க்காப்பகம் நடத்தும் பெண் இறக்கினாள்.
லாப்ரடார். பதின்மூன்று வயது. இரண்டு கண்ணிலும் பால்.
பெங்களூரில் யாரோ வீடு மாறியபோது
கட்டிலை ஏற்றி, ஃப்ரிட்ஜை ஏற்றி
கேட்டில் கட்டியிருந்ததை அவிழ்க்க மறந்துவிட்டார்களாம்.
மறந்துவிட்டார்கள் என்றுதான் சொன்னாள்.
நான் திருத்தவில்லை.

படிவத்தில், வளர்ப்புக் காலம் என்ற இடத்தில்
'ஆயுள் முழுதும்' என்று அச்சடித்திருந்தது.
யாருடைய ஆயுள் என்று கேட்டேன்.
சிரித்தாள். பிறகு
மேசை மேலிருந்த என் இன்சுலின் டப்பாவைப் பார்த்தாள்.
எதற்கும் இருக்கட்டும் என்று
இரண்டாவது கையெழுத்துக்கு
மேடையில் வேலை செய்யும் மாதேஷைக் கூப்பிட்டோம்.
அவனுக்கு இருபத்திரண்டு.

பெயர் சொன்னால் திரும்பாது.
வா என்றால் வராது. கம் என்றாலும் வராது.
மூன்றாம் நாள், மடிவாளாவுக்கு லோடு அடிக்கும் திம்மராயன்
டீ கிளாஸோடு குனிந்து "பா இல்லி" என்றான்.
நாற்காலியில் மோதி, தண்ணீர்ச் சட்டியை உதைத்து
கிழவன் நடந்து வந்தது.
நம் காதில் 'இல்லை' போல விழும் அந்தச் சொல்லுக்கு
அங்கே 'இங்கே' என்று பொருளாம்.
எனக்குத் தெரிந்த கன்னடம் அவ்வளவுதான்.
ஒரு நாளைக்கு நாற்பது முறை பேசினேன்.

ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள்.
சுங்கச்சாவடிப் பக்கம் அடிபட்ட கறுப்பி,
இடுப்புக்குக் கீழே டயர் ட்யூப் கட்டி இழுத்து வருவாள்.
வலிப்பு வரும் பொட்டலம்,
காலை ஒன்பது இரவு ஒன்பது மாத்திரை,
இட்லிக்குள் வைத்தால் இட்லியை மட்டும் தின்பான்.

என் மேடை பத்துப் பத்தாகத்தான் எண்ணும்.
கிழவன் ஏறினால் முப்பது. கறுப்பிக்குப் பத்து.
பொட்டலம் ஏறினால் பூஜ்யம்.
அரசாங்க முத்திரை வைத்த மேடைதான்.
அவன் நடுவில் நின்று வாலாட்டும்போதெல்லாம்
அந்த முத்திரை மேல் எனக்கு மரியாதை குறையும்.

ஒருமுறை ஒரு டிரைவர் சண்டைக்கு வந்தான்,
கல்லுக்கு முப்பது கிலோ கூட்டிவிட்டேன் என்று.
பின்சக்கரத்தை ஒட்டி என் முப்பது கிலோ தூங்கிக்கொண்டிருந்தது.
வண்டியை எடுக்காமல் அரைமணி நேரம்
அதன் காதைச் சொறிந்துவிட்டுப் போனான்.
வெயிட்டிங் சார்ஜ் கேட்கவில்லை.

குருடனுக்கு வீடு என்பது மனப்பாடம்.
ஒன்றரை வருடம் எந்தச் சாமானையும் நான் நகர்த்தவில்லை.
பொங்கலுக்கு அலமாரியைச் சுற்றியே வெள்ளையடித்தேன்.
ஆனாலும் ஐப்பசியில் முப்பது இருபதானது.
படுத்த இடத்தில் ஈரம்.
இரவு இரண்டு மணிக்குத் துணி மாற்றும்போது
வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.
கண் தெரியாதது எதைப் பார்க்காமலிருக்கத் திரும்பியது
என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

மார்கழியில் ஒரு விடியல். சாலையில் லாரி தெரியாத பனி.
டாக்டர் ரெஹானா வந்து காதை வைத்துக் கேட்டு
வேண்டாம், ஊசி தேவைப்படாது என்றார்.
"இல்லி" என்றேன்.
வால் ஒருமுறை தரையைத் தட்டியது.

பின்பக்கக் கொல்லைக்கு மேடையைக் கடந்துதான் போகவேண்டும்.
தூக்கிக்கொண்டு ஏறினேன்.
புதைத்துவிட்டு அதே வழியில் திரும்பினேன்.
மாதேஷ் பழக்க தோஷத்தில் சீட்டு அடித்து வைத்திருந்தான்.
மொத்தம் எண்பது.
காலி அறுபது.
காலி என்ற இடத்தில் இருப்பது நான்.
பொருள் என்ற இடத்தை அவன் நிரப்பவில்லை.

இனி அலமாரியை நகர்த்தலாம்.
பொட்டலத்துக்கு மணி ஒன்பதாகிவிட்டது.

தை பிறந்து ஓசூரிலிருந்து போன்.
பொமரேனியன், காது கேட்காது, பல் ஒன்றுமில்லை,
இதயம் பெரிதாகிவிட்டதாம், எத்தனை நாளோ தெரியாது.
எடை எவ்வளவு என்று கேட்டேன்.
மூன்றரைக் கிலோ.
மேடைக்குத் தெரியாது, கொண்டு வா என்றேன்.