நாற்பத்தொன்றாம் பக்கம்

வில்லிவாக்கம் பழைய பேப்பர் கடையில்
கிலோ பன்னிரண்டு ரூபாய்க்குக் கிடைத்த
தடித்த ருஷ்ய நாவல்.
முதல் நாற்பது பக்கம் இல்லை.
கல்யாணம் அதில்தான் நடந்திருக்க வேண்டும்.

நாற்பத்தொன்றில் இருவரும் பேசிக்கொள்வதில்லை.
சண்டை முற்றும்போதும்
அவளை அப்பா பெயர் சேர்த்தே விளிக்கிறான்.
என் அப்பாவின் ‘கோ’வை
பாஸ்புக்கில் அடித்து
‘த’ போட்டுப் பதினோரு வருடம்.
தணிகைவேல் என்னைக் கூப்பிடுவது
‘இந்தா’.

அங்கே பனி, சமோவார்.
இங்கே மே மாதம், தண்ணி லாரி.
அவள் அழ
ஆறு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள்.
எனக்கு,
லாரிக்காரன் குழாயைச் சுருட்டும்வரை.

நேற்று அவர் புத்தகத்தைப் புரட்டினார்.
“கடைசில சேர்ந்துடுவாங்களா?”
கடைசிப் பக்கமும் இல்லை என்றேன்.

இருக்கிறது.
கிழித்து
அரிசி டின்னுக்குள் வைத்திருக்கிறேன்.