பின்னணி: நான்கு எம்பி

மங்கோச்சி பேருந்து நிலையத்தின் பின்புறம்
கிழிந்த மஞ்சள் குடையின் கீழ்
நான் விற்பது கண்ணுக்குத் தெரியாத சரக்கு.
எடை போட்டுக் காட்ட முடியாது.
முகர்ந்து பார்த்து வாங்க முடியாது.
அதனால்
நாளுக்கு இரண்டு பேராவது
என்னைத் திருடன் என்கிறார்கள்.

நேற்று மாலைதானே நூறு எம்பி போட்டாய்,
ஒரு படம்கூடப் பார்க்கவில்லை,
விடிந்தால் பூச்சியம்,
எங்கேயடா என் குவாச்சா?

போனைக் கொடுங்கள், என்பேன்.
அமைப்புகள். நெட்வொர்க். டேட்டா பயன்பாடு.
அங்கே இருக்கிறது பட்டியல்,
பந்தி முடிந்தபின் எண்ணி வைத்த எச்சில் இலைகள்போல,
யார் யார் எவ்வளவு தின்றார்கள் என்று.

மினிபஸ் ஓட்டும் சைதிக்கு
நாற்பது எம்பியைத் தின்றது டார்ச் ஆப்.
வெளிச்சத்துக்கு எதற்கு இணையம் என்றார்.
விளம்பரம் கொண்டுவர, என்றேன்,
நீங்கள் தூங்கும்போதும்.

ஆசிரியர் ம்பேவேயின் போனில்
அவர் திறந்தே பார்க்காத சர்ச் பாடகர் குழு
அறுபத்திரண்டு வீடியோக்களாகத் தானே இறங்கிக் கிடந்தது.
திருடன் என்றதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை.
மறுநாள் சூடாக ஒரு மாண்டாசி வாங்கி
குடைக்கம்பில் தொங்கவிட்டுப் போனார்.

இப்படியாக என் தொழிலில் நான் கற்றது ஒன்றுதான்:
முன்னால் நின்று கேட்பவை
கொஞ்சம்தான் கேட்கும்.
பெரும்பசி எல்லாம் பின்னணியில்.
ஒவ்வொன்றாகத் தட்டி வாயை மூடிவிட்டால் போதும்,
கட்டு வாரம் முழுக்க வரும்.

ஏனிஃபா வரும்வரை
இது சரியாகத்தான் இருந்தது.

ஏரிக்கரையில் உசிப்பா காயவைப்பவள்.
விரலெல்லாம் செதில்,
திரை அவள் தொடுதலை நம்பாது,
சித்தெஞ்சியின் ஓரத்தில் துடைத்துத் துடைத்துத் தொடுவாள்.
வாரக் கட்டு மூன்றே நாளில் தீர்ந்ததென்று வந்தாள்.
திருடன் என்று சொல்லவில்லை.
பார், என்றாள்.

பட்டியலின் உச்சியில் வரைபடம்.
எங்கே போகிறீர்கள் அக்கா, இவ்வளவு?
எங்கும் இல்லை.
வீடு, கரை, உன் குடை.

திறந்தேன்.
ஏரியின் நீலம், அதன் விளிம்பில் அவள்.
விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போனால்
மூன்று எல்லைகளுக்கு அப்பால்
ஜோகன்னஸ்பர்க் தெரு ஒன்றின்மேல்
பொட்டளவு வட்டத்துக்குள் த்வாய்புவின் முகம்.
போன நோன்பில் வந்தபோது
அவனேதான் பகிர்ந்துவிட்டுப் போனானாம்,
எந்நேரமும் பார்க்கலாம், கவலைப்படாதே என்று.

நான் வழக்கம்போல் பிரித்துக் காட்டும் வரியைத் தேடினேன்.
பின்னணி: நான்கு எம்பி.
முன்னணி: முன்னூற்றுப் பன்னிரண்டு.

எதன் வாயை மூடுவது?

இதை நிறுத்திவிட்டால் நிறைய மிஞ்சும், என்றேன்.
நிறுத்தினால் அவனுக்குத் தெரியுமா?
தெரியாது.
மீன்வாடையோடு கொஞ்ச நேரம் நின்றாள்.
வெள்ளி இரவுக்கு மட்டும் விட்டுவைக்க
வழி இருக்கிறதா?

எச்சரிக்கை வைக்கலாம்.
வரம்பு வைக்கலாம்.
மாதத்தின் எந்தத் தேதியில்
கணக்கு மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கவேண்டும் என்று சொல்லலாம்.
கிழமையெல்லாம் இந்தப் போனுக்குப் புரியாது அக்கா.

விரல் மடக்கி எண்ணினாள்.
பதினேழு, என்றாள்.
என்ன தேதி அது என்று நான் கேட்கவில்லை.
பதினேழு போட்டேன்.
வரம்பு ஐம்பது.
போனைத் திருப்பித் தந்தபோது
என் கட்டைவிரலில் ஒரு செதில்,
பகல் முழுக்கக் காசு எண்ணும்போதெல்லாம் மின்னியது.

சனிக்கிழமை
குடை விரிக்கும் முன்பே நின்றிருந்தாள்.
கண்கள் சிவந்திருந்தன, புகையாகவும் இருக்கலாம்.
எவ்வளவுக்கு அக்கா, என்றேன்.

இருப்பதிலேயே பெரியது,
என்றாள்.